சாட்சிக் கண்ணும் வேவுக் கண்ணும்

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை யாம் பேசுவதாக இசைந்திருந்தது வேறு பொருள். நம் வீட்டுத் திருமணப் பாட்டுக்களைத் தொகுத்தல் பற்றிச் சில சொல்லுமாறு காரியதரிசி அவர்கள் ஒரு திங்களுக்கு முன்னரே பணித்திருந்தார்கள். ஆயின் காலையில் நடந்த நிருவாகக் கூட்டத்தில் ஒரு பிரேரணை படிக்கப்பட்டது. நம் தெருக்கள் மூன்றிலும், திருமண மண்டபத்திலும், பெண்கள் விடுதியிலும் புதியனவாக 16 கண்காணிப்புக் காமிராக்கள் அமைப்பதென்றும், அவற்றின் காட்சி நிருவாகிகள் பதின்மூவருடைய கைப்பேசிகளிலும் எந்நேரமும் தெரியுமாறு இணைப்பதென்றும் அதிற் கண்டிருக்கின்றது. நாளைக் காலை வாக்கெடுப்பு. ஆதலின் பாட்டுக்களைப் பிறிதொரு நாளைக்கு ஒதுக்கி, இதனைக் குறித்தே பேசுதற்குத் தலைவர் அவர்களிடம் இசைவு பெற்றுக்கொண்டோம்.

யாம் காமிராவுக்குப் பகைவர் அல்லோம். இதனை முதலிற் சொல்லிவிடுதல் நலம். நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் தெரு முனையில் முதற் காமிரா வைத்தபொழுது, நன்கொடைச் சீட்டில் மூன்றாவதாகக் கையொப்பமிட்டு ஆயிரம் ரூபாய் கொடுத்தோம். அவ்வாண்டே அதன் பயனையும் கண்டோம். விடியற்காலையிற் கோலமிட்டுக்கொண்டிருந்த மூதாட்டியார் ஒருவரின் கழுத்துச் சங்கிலியை இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துச் சென்றனர். வண்டியின் எண் காமிராவிற் பதிந்திருந்தது. பதினோராம் நாள் சங்கிலி மீண்டது. அம்மூதாட்டியார் அன்று மாலையே காமிராக் கம்பத்துக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டார். கண்டு சிரித்தவர் சிலர், யாம் சிரிக்கவில்லை.

நம் மாநிலத்தில் இக்கருவி பரவிய வரலாறு நெடியதன்று. பொதுமக்கள் கூடும் கட்டிடங்களிற் காமிரா அமைத்தே ஆகவேண்டும் என்னும் விதிகளைத் தமிழ்நாட்டு அரசினர் 2012ஆம் ஆண்டு டிசம்பரில் வகுத்தனர். 2016ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் காலையில், சென்னை நுங்கம்பாக்கம் புகைவண்டி நிலையத்து நடைமேடையில், வேலைக்குச் செல்லக் காத்திருந்த இளநங்கை ஒருத்தி பலர் கண்முன்னே வெட்டுண்டு இறந்தாள். அந்நிலையத்தில் அன்று ஒரு காமிராவும் இல்லை. அருகிருந்த தெருக்களின் காமிராக்களிலிருந்தே ஐயத்துக்குரியவன் உருவத்தைக் காவற்றுறையினர் தேடிப் பெற வேண்டியதாயிற்று. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் சென்னை மாநகரக் காவலர் 'மூன்றாவது கண்' என்று பெயரிட்டு, வணிகரையும் குடியிருப்போரையும் ஊக்கித் தெருத்தோறும் காமிராக்களை நிறுவுவித்தனர். மூன்றாவது கண் சிவபெருமானுக்கு உரியது. அது திறந்த அன்று காமன் எரிந்தான். பெயரிட்டவர் அதனை எண்ணியே இட்டாரோ, அறியோம்.

இன்னொரு செய்தியை இவ்வவையிற் சொல்லத் தயங்குதல் கூடாது. 2015ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலில், பொறியியல் கற்ற இளைஞர் ஒருவர் உடன் பயின்ற வேறு வகுப்புப் பெண்ணொருத்தியோடு பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் உடல் இருப்புப்பாதையிற் கிடந்தது. வழக்கு நடந்தபொழுது சாட்சியர் பலர் பிறழ்ந்தனர். அப்பெண்ணும் தன் முன்னைச் சொல்லினின்று மாறினாள். எவ்வளவு அச்சம் அவளைச் சூழ்ந்திருந்ததோ! கோயிற் காமிராவின் பதிவு மட்டும் மாறவில்லை. 2022இல் மதுரையிலிருந்த சிறப்பு நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்கும் உடனிருந்தோர்க்கும் தண்டனை விதித்தபொழுதும், 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் ஆயுட்டண்டனையை உறுதி செய்தபொழுதும், அப்பதிவு பெருந்துணையாய் நின்றது. அம்முதன்மைக் குற்றவாளி ஒரு சாதி அமைப்பை நடத்தியவன் என்பதையும் நாம் மறத்தலாகாது. மனிதர் வாயைப் பொத்த வல்ல கூட்டத்தினர் கோயிற் சுவரிலிருந்த கண்ணைப் பொத்த மறந்தனர்.

நிற்க.

அதே தெரு முனை, அதே காமிரா, மூதாட்டியார் குங்குமமிட்ட அதே கம்பம். சென்ற ஆண்டு ஆடித் திங்களில் ஒரு மாலை, எம்மிடம் பன்னிரண்டாம் வகுப்பிற் பயின்ற மாணவி ஒருத்தி அம்முனை வேம்பின் கீழ் நின்று, உடன் பயிலும் மாணவன் ஒருவனிடமிருந்து செய்முறைக் குறிப்பேடு வாங்கினாள். நான்கு நிமிடம் பேசினாள். அவள் சிரித்ததும் பதிவில் உண்டு. அந்நான்கு நிமிடமும் இரவு ஒன்பது மணிக்குள் நம் மூன்று தெருக்களின் வாட்ஸப் குழுக்களிலும் உலவியது. அப்பையன் எத்தெருவைச் சேர்ந்தவன் என்பதும் கீழே எழுதப்பட்டிருந்தது. மறுநாள் முதல் அவள் பள்ளிக்கு வரவில்லை. யாம் மும்முறை அவ்வீட்டுக்குச் சென்றோம். மூன்றாம் முறை அவள் தந்தையார் தலை நிமிராமலே, "ஐயா, எனக்கு உங்கள்மேல் வருத்தம் இல்லை, ஆனால் தெருவில் நடக்க முடியவில்லை" என்றார். மார்ச்சுத் தேர்வை அவள் எழுதவில்லை. எம் வகுப்பிற் செய்யுட்களைப் பிழையின்றி அலகிட்டுச் சொல்லும் பிள்ளை அவள் ஒருத்தியே. இதனை ஈண்டுச் சொல்ல அவளிடமும் அவள் தந்தையாரிடமும் இசைவு பெற்றே வந்துள்ளோம். பெயரை யாரும் வினவற்க.

அப்பதிவை எடுத்து அனுப்பியவர் யார் என்று ஆராய்ந்தோம். பதிவுப்பெட்டி இருந்த அறைக்குத் திறவுகோல் ஐந்து இருந்தன. கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பெட்டியின்மேலேயே ஒட்டியிருந்தனர். யார் எப்பொழுது திறந்தார் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. ஆக, அறிய வழியில்லை. ஆயிரம் ரூபாய் கொடுத்தபொழுது, திறவுகோல் எத்தனை என்று யாமும் கேட்கவில்லை.

ஒரே கண் ஈரிடத்தும் பார்த்தது. சங்கிலியை மீட்டுத் தந்தபொழுது அது சாட்சி; குறிப்பேடு வாங்கிய பெண்ணைத் தெருவுக்குக் காட்டியபொழுது அது வேவு. சாட்சியாவான் குற்றம் ஒன்று நிகழ்ந்த பின்னர் அழைக்கப்பட்டு வருகின்றான். மன்றத்தில் தன் பெயர் சொல்லி நிற்கின்றான். கேட்டதற்கு மட்டும் விடை தருகின்றான். பொய்த்தால் தண்டனைக்கு உள்ளாகின்றான். வேவுகாரனோ அழையாமலே வருகின்றான். குற்றம் நிகழாத இடத்திலும் ஏதேனும் கிடைக்குமோ என்று பார்த்திருக்கின்றான். தன் முகத்தை ஒளித்துப் பிறர் முகத்தைக் காட்டுகின்றான். நாளை வாக்கெடுப்புக்கு வரும் பிரேரணையில், சாட்சிக்கு வேண்டிய ஏற்பாடு ஒன்றேனும் இல்லை. பதின்மூவர் கைப்பேசியிலும் எந்நேரமும் காட்சி என்பது முற்றிலும் வேவுக்குரிய ஏற்பாடே. எம் மறுப்பு இவ்வளவே.

தமிழ்ப் புலமை நடத்துவோர் எதற்கெடுத்தாலும் ஏட்டைப் புரட்டுவர் என்று நீங்கள் நகைத்தல் கூடும். ஆயினும் புரட்டித்தான் தீரவேண்டும். வள்ளுவனார் ஒற்றாடல் என்றொரு முழு அதிகாரம் செய்தார். ஒற்றரை அவர் வெறுத்தாரல்லர். ஆயின் அவ்வதிகாரத்தை வைத்த இடத்தை நோக்குமின். பொருட்பாலில், அரசியலில், வேந்தனது கருவியாக வைத்தார்; அங்கும் ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக்கொண்டு ஆராய்ந்தே கொள்ளவேண்டும் என்று வரம்பிட்டார். இல்வாழ்வானுக்கு இல்லறவியலில் அவர் வைத்தது புறங்கூறாமை. அடுத்த வீட்டை ஒற்றுதல் குடிமகனுக்கு அவர் அளித்த கடமைகளுள் யாண்டும் இல்லை. சங்கம் அரசும் அன்று. பதின்மூவர் கைப்பேசி ஓலக்கமும் அன்று.

சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் சதுக்கப் பூதம் என்றொன்று கூறப்படுகின்றது. நாற்சந்தியில் நின்று குற்றம் செய்வோரைப் பாசத்தாற் கட்டிப் புடைத்துண்ணும் அது. இக்காலத்து நாற்சந்திக் காமிராவை முதன்முதற் கண்டபொழுது எமக்கு நினைவு வந்தது அப்பூதமே. ஆனால் அது பிடிப்போர் பட்டியலை முழுவதும் படித்தவர் சிலரே. ஒழுக்கம் தவறிய பெண்டிரை மட்டும் பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். அரசனுக்குத் துரோகம் செய்யும் அமைச்சரும், பொய்க்கரி கூறுவோரும், புறங்கூறுவோரும், பொய்த் தவத்தோரும், பிறர் மனை விழைவோரும் அதே பாசத்திற் படுவர். வம்பளப்பவனையும் அமைச்சனையும் விட்டுவிட்டுப் பெண்டிரை மட்டும் பிடிக்கும் பூதத்தை இளங்கோவடிகள் அறியார். நம் தெரு முனைப் பூதம் அத்தகையதாயிற்றே!

இனிப் பொற்கைப் பாண்டியன் கதை. கீரந்தை என்பான் மனைவியைத் தனியே விட்டு அயலூர் சென்றான். அரசன் காவலே நினக்குக் காவல் என்று அவளைத் தேற்றிச் சென்றான். நகர் சோதனைக்கு வந்த பாண்டியன் அதனைக் கேட்டு, நாள்தோறும் அத்தெருவைக் காத்தான். ஓரிரவு உள்ளே ஆடவன் குரல் கேட்டுக் கதவைத் தட்டினான். வந்திருந்தவன் கணவனே. அவன் மனத்தில் ஐயம் எழாதிருத்தற்பொருட்டு அரசன் தெருவிலுள்ள கதவுகளையெல்லாம் தட்டிச் சென்றான். மறுநாள் முறையீடு வந்தது. தட்டிய கையை அரசன் தானே வெட்டிக்கொண்டான். சிறு வகுப்பு மாணவர்க்கு இக்கதையை நீதியின் பெருமை என்று சொல்லிக் கொடுக்கின்றோம். நாற்பது வயது கடந்தபின் எமக்கு இதில் வேறொன்று புலனாகின்றது. பாண்டியனது கருத்துக் குற்றமற்றது. அவன் காவலுக்கே வந்தான். ஆயினும் நள்ளிரவில் ஒரு மனையின் கதவைத் தட்டுதல் அம்மனையாளின் வாழ்வையே கெடுத்துவிடும் என்பதை உணர்ந்து நடுங்கினான். காவல் செய்த கைக்கும் கணக்கு உண்டு என்று கொண்டான்.

இக்கதவு தட்டும் வழக்கு நம் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கும் வந்தது. உத்தரப்பிரதேசத்தில் கரக் சிங் என்பார்மீது கொள்ளை வழக்கொன்று தொடுக்கப்பட்டுச் சான்றின்மையால் விடப்பட்டது. விட்ட பின்னரும் காவலர் அவர் பெயரிற் சரித்திரப் பதிவேடு திறந்து, இரவில் வந்து கதவைத் தட்டி எழுப்பி, வீட்டிலிருக்கின்றாரா என்று பார்த்து வந்தனர். 1962ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்த நீதிமன்றம், இரவில் வீடு புகுந்து பார்த்தல் செல்லாது என்றது. ஏனைய கண்காணிப்பை அனுமதித்தது. அந்தரங்க உரிமை அரசியற் சட்டத்தில் இல்லை என்றும் சொல்லிற்று. நீதிபதி சுப்பாராவ் அவர்கள் அதற்கு உடன்படாமல், பின்தொடரும் கண்ணின் கீழ் நடப்பவன் உரிமையோடு நடப்பவன் ஆகான் என்னும் கருத்துப்பட வேறு தீர்ப்பு எழுதினார்கள். ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி அவர்கள் தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்த்தனர். அரசினர் அதனைக் குறுக்குவதாயின் சட்டத்தின் துணை வேண்டும், தகுந்த நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு வேண்டிய அளவே குறுக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அரசினர்க்கே இத்தனை கட்டு உண்டெனில், சங்கத்தார்க்கு ஒன்றும் இல்லை என்று கொள்ளுதல் எவ்வாறு பொருந்தும்? பாண்டியனாவது தட்டினான். காமிரா தட்டுவதில்லை.

"குற்றமற்றவன் ஏன் அஞ்சவேண்டும்?" என்று காலைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் வினவினார். அவர்பால் எமக்கு மதிப்பு மிகுதி. ஆயினும் கேட்கின்றோம்: குறிப்பேடு வாங்கிய பெண் செய்த குற்றம் யாது?

மேலும், குற்றவாளி யார் என்பதைப் பார்ப்பவனே முடிவு செய்த காலம் நம் நாட்டில் ஒன்று இருந்தது. 1871இல் வெள்ளை அரசினர் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றினர். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பொன்றே காரணமாக முழுச் சாதிகளும் குற்றச் சாதிகள் என்று எழுதப்பட்டன. ஆடவர் கைரேகை பதித்தல் வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். இரவில் காவலர் முன் வருகை தரல் வேண்டும். ரேகை பதிக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது, பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947இல். நாடெங்கும் நீங்கியது 1952இல். இன்று அதே வகுப்பார் உட்பட எல்லா வகுப்பாரும் தத்தம் தெருவில் தாமே காமிரா வைத்து, எத்தெருப் பையன் வருகின்றான் எத்தெருப் பையன் போகின்றான் என்று பார்க்கத் தலைப்பட்டிருக்கின்றனர். வெள்ளையன் ஏட்டில் எழுதியதை நாம் பெட்டியில் எழுதுகின்றோம். முகத்தை ஒப்புநோக்கி ஆளைச் சொல்லும் பொறிகளும் இப்பொழுது காவற்றுறையினரிடம் உண்டு. அவை விலை மலிந்து சங்கங்களின் கைக்கு வரும் நாள் தொலைவில் இல்லை என்று அஞ்சுகின்றோம்.

கண் எங்கே மிகவும் வேண்டுமோ அங்கே அது மூடப்படுகின்றது என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் சாத்தான்குளம் காவல் நிலையத்திற் கொண்டுபோய் வைக்கப்பட்ட தந்தையும் மகனுமாகிய வணிகர் இருவர் அடியுண்டு, சில நாட்களுள் ஒருவர் பின் ஒருவராய் இறந்தனர். உயர்நீதிமன்ற ஆணைப்படி ஆராயச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டது யாது? நிலையத்திற் காமிராக்கள் இருந்தன. பதிவுப்பெட்டியில் இடமும் நிறைய இருந்தது. ஆயினும் அன்றன்றைப் பதிவு அன்றன்றே அழியுமாறு அமைத்து வைத்திருந்தனர். இப்பெட்டிகள் இடம் நிறைந்தபின் பழையதன்மேல் புதியதை எழுதிக்கொள்ளும் இயல்பின. எத்தனை நாள் வைத்திருப்பது என்பது மனிதர் கை அமைப்பதே. அவ்வாண்டு டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம், நாட்டின் காவல் நிலையம் ஒவ்வொன்றிலும் வாயில், சிறைக்கூடம், நடைவழி முதலிய இடங்களிற் காமிரா வேண்டும், பதிவு 18 திங்கள் இருத்தல் வேண்டும், அதற்கேற்ற கருவி கிடையாவிடின் ஓராண்டேனும் இருத்தல் வேண்டும் என்று ஆணையிட்டது. இதிலிருந்து யாம் கற்றுக்கொள்வது, வலியோனைப் பார்க்கும் கண்ணுக்கு நெடிய நினைவு வேண்டும், தெருவில் நடப்போரைப் பார்க்கும் கண்ணுக்குக் குறுகிய நினைவு போதும் என்பதே. நம் பிரேரணையிலோ காரியாலயத்துக்கும் நிதி அறைக்கும் காமிரா இல்லை. பெண்கள் விடுதி நடைவழிக்கு மூன்று உண்டு!

விடுதியைப் பற்றி ஒன்றே கூறுவோம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட் நகரத்து மகப்பேற்று மருத்துவமனை ஒன்றில், சோதனை அறையிற் பெண்டிரைப் பதிந்த காமிராக் காட்சிகள் களவாடப்பட்டு இணையத்தில் விலைக்கு விற்கப்பட்டன. அங்கும் காமிராவைக் காவலுக்கென்றே வைத்திருப்பர். இணையத்தோடு இணைத்த காமிரா, கடவுச்சொல் அறிந்த எவனுக்கும் எந்நாட்டிலிருந்தும் திறக்கும் சாளரம். பதின்மூன்று கைப்பேசிகளில் ஒன்றைப் பேருந்திலே தவற விட்டால் போதும்.

சட்ட வழியிலும் இரண்டு சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பதிவு நீதிமன்றத்திற் சான்றாகச் செல்லுதற்கு, அப்பெட்டிக்குப் பொறுப்பானவர் கையொப்பமிட்ட சான்றிதழ் வேண்டும். முன்னர் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு. கைப்பேசி கைப்பேசியாய்ச் சுற்றிய துண்டுக்கு எவர் அச்சான்றிதழ் தருவார்? வேவு சாட்சியையும் கெடுக்கின்றது. இரண்டாவது, 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்ணிமத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டன. தனியொருவர் தம் வீட்டுத் தேவைக்குச் செய்வதற்கு அச்சட்டம் விலக்குத் தருகின்றது. சங்கம் தனியாள் அன்றாதலின் அவ்விலக்கை நாம் பற்றிக்கொள்ள இயலாது.

ஆதலின் பிரேரணையைத் தள்ளுக என்று கேட்கவில்லை. திருத்துக என்று கேட்கின்றோம். திருத்தங்களை எழுதிக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்துள்ளோம். தெருக் காமிராக்கள் சாலையை மட்டும் நோக்குக. எவர் வீட்டு வாயிலையும் திண்ணையையும் நோக்காதிருக்க. விடுதியில் வெளிவாயிலுக்கு ஒன்று போதும். உள்ளே ஒன்றும் வேண்டா. காரியாலயத்துக்கும் நிதி அறைக்கும் இரண்டு வைக்க. கைப்பேசி இணைப்பு ஒருவருக்கும் கூடாது; தலைவர்க்கும் கூடாது. பதிவு 30 நாளில் தானே அழிக. களவு கண்டார் ஓரிரு நாளில் முறையிடுவராதலின் அது போதும். பெட்டிக்கு இரு பூட்டு. இருவர் சேர்ந்தே திறக்க. முறையீடோ காவற்றுறையினர் எழுத்தோ இருந்தால் மட்டும் திறக்க. திறந்த நாள், நேரம், காரணம், கண்டார் பெயர் ஏட்டில் எழுதுக. அவ்வேட்டை உறுப்பினர் எவர் கேட்பினும் காட்டுக. காமிரா உள்ள இடந்தோறும் 'இங்குக் காமிரா உண்டு' என்று நல்ல தமிழிற் பலகை வைக்க.

இவற்றுட் சிலவற்றை நாளை நீங்கள் மாற்றினும் யாம் வாதிடோம். முப்பது நாளை நாற்பத்தைந்தாக்குக; பலகையைச் சிறிதாக்குக. இரண்டு திறவுகோல்களுள் ஒன்று தாய்மார் ஒருவர் கையில் இருத்தல் வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடோம். அப்பெண் வரும் மார்ச்சில் தனித் தேர்வராய் எழுத இசைந்திருக்கின்றாள். வாரம் மூன்று மாலை எம் இல்லத்துக்குப் பாடங் கேட்க வரல் வேண்டும். வரும் வழி அத்தெரு முனைதான்.